கல்லாவுக்கு மேலே ஒரு பெட்டி

பாண்டி பஜாரில் படியிறங்கிப் போகவேண்டிய கடைகளில் வாடகை குறைவு, சிக்னலும் குறைவு. நல்லசிவத்தின் புடவைக் கடை அப்படிப்பட்டது. புடவையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் அனுப்புவதற்காக ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி படியேறுவார்கள். ஏறியவர்களில் சிலர் மனம் மாறி, அப்படியே மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் கரைந்துவிடுவார்கள்.

பக்கத்துக் கைப்பைக் கடை முத்துகிருஷ்ணன்தான் வழி சொன்னான்.

"அண்ணாச்சி, ஒரு பெட்டி இருக்கு. மொட்டை மாடில ஆன்டெனா, கடைக்குள்ள பெட்டி. சிக்னல் பிச்சிக்கிட்டு வரும். என்ன, வெளிய சொல்லிக்கிடாதீய. லைசென்ஸ் கேப்பானுவ."

"லைசென்ஸ் வாங்கிட்டா என்னவே?"

"நமக்கெல்லாம் தரமாட்டான். சத்தங்காட்டாம மாட்டுங்க."

கல்லாவுக்கு நேர் மேலே பெட்டி ஏறியது. பச்சை விளக்கு எரிந்தது. அதன்பிறகு பணம் அனுப்ப யாரும் படியேறவில்லை.

கல்லாவை ஒட்டிய நாற்காலி நல்லசிவத்தின் மனைவி சுந்தரவல்லியுடையது. வருகிறவர்களில் பாதிப்பேர் அவளிடம் பேசத்தான் வருவார்கள். யார் வீட்டில் என்ன விசேஷம், எந்த மருமகளுக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்பதெல்லாம் அவள் மனதில் இருக்கும். சில வருடங்களாக இரண்டு காதிலும் மெஷின். அதனால் பேச்சு ஒன்றும் குறைந்துவிடவில்லை. போனில் பேசுவது தெளிவாகக் கேட்பதற்கென்று அந்த மெஷினில் தனிப் பொத்தான் உண்டு. காஞ்சிபுரம் தறிக்காரர்களோடு நாள் முழுக்கப் பேச வேண்டியிருந்ததால் அதைப் போட்டே வைத்திருப்பாள்.

பெட்டி வந்த மறுநாள் அவள் காதைத் தேய்த்தாள்.

"ஏங்க, வண்டு இரையுத மாதிரி இருக்கு."

"மெஷின் பழசாயிட்டு."

"படியேறிப் போனா இல்லையே. இங்க வந்து உக்காந்தாத்தான் இரையுது."

"ஏட்டி, கூட்டம் நிக்கி. பெறவு பாப்போம்."

அந்தப் 'பிறகு' வருவதற்குள் ஆடித் தள்ளுபடி வந்து போனது. அதற்கப்புறம்தான் அடையாறில் காது மெஷின் பொருத்தித் தரும் அஃப்ராவிடம் கூட்டிப் போனார். அந்தப் பெண் மெஷினைக் கணினியில் இணைத்துப் பார்த்து, மறுபடி அவள் காதில் மாட்டிவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு. எங்க இருக்கறப்ப இரைச்சல் வருதும்மா?" என்று சுந்தரவல்லியைக் கேட்டாள்.

"போன் பேசும்போது" என்றார் நல்லசிவம்.

அது அவருடைய பழக்கம். அவளுக்குக் காது மந்தமான நாளிலிருந்து, ஆட்டோக்காரர் முதல் டாக்டர் வரை யார் அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் இவரிடமிருந்து வந்துவிடும். அதை அன்பு என்றே நினைத்திருந்தார்.

"அப்ப போனையும் பாக்கணும் அங்கிள். எல்லா போனும் காது மெஷினோட ஒத்துப்போகாது. ஒத்துப்போற மாடல் எழுதித் தரேன். உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல வேற ஏதாவது வயர்லெஸ் கருவி இருக்கா?"

சுந்தரவல்லி வாயைத் திறந்தாள். "மேல ஒரு பச்சை வெளக்கு…"

"அது கேமரா" என்றார் நல்லசிவம். "வேற ஒண்ணும் இல்லம்மா."

சுந்தரவல்லி அவரைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

புதுப் போன் வாங்கினார்கள். வண்டு போகவில்லை. கொஞ்ச நாளில் சுந்தரவல்லி ஒரு வழி கண்டுபிடித்தாள். கடைக்குள் வந்ததும் மெஷினைக் கழற்றிக் கல்லா டிராயரில் போட்டுவிடுவாள். யார் என்ன சொன்னாலும் சிரித்தபடி தலையாட்டி, "சந்தோஷம்மா" என்பாள். புடவை எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல சேதிதான் சொல்வார்கள். ஆகவே அது செல்லுபடியாயிற்று. நல்லசிவமும் இரைச்சல் நின்றுவிட்டது என்று நம்பிக்கொண்டார்.

எஸ்தர் வரும்வரை.

எஸ்தர் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் சுந்தரவல்லி எடுத்துக் கொடுக்கும் புடவைதான். போன வருடம் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணப் புடவையும் அப்படித்தான். அன்று அவள் படியிறங்கி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, நம்ம ஸ்டெல்லா பூட்ச்சிக்கா. மஞ்ச காமாலை. முழுகாம இருந்துச்சு."

சுந்தரவல்லி சிரித்தாள். தலையை ஆட்டினாள்.

"சந்தோஷம்மா. உக்காரு."

எஸ்தர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னாக்கா சிரிக்கிற?" என்றாள், மிகவும் மெதுவாக. அதற்கும் சுந்தரவல்லி தலையாட்டிவிட்டு, நல்ல மாம்பழ மஞ்சளில் ஒரு புடவையை எடுத்து விரித்தாள்.

எஸ்தர் திரும்பிப் படியேறிவிட்டாள்.

நல்லசிவம் பதறிப்போனார். பதற்றத்தில் குரல் உயர்ந்தது. அவளுக்குக் கேட்கவேண்டும் என்று கத்தியது கடை முழுவதற்கும் கேட்டது.

"ஏட்டி, அவ மவ செத்துப்போயிட்டான்னு சொல்லுதா, நீ பல்லக் காட்டுத."

புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். சுந்தரவல்லி அந்த மஞ்சள் புடவையை மடிப்புக் கலையாமல் மடித்து அலமாரியில் வைத்தாள். டிராயரைத் திறந்து மெஷினை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மயிலாப்பூரில் தங்கள் வீட்டுக்குப் போனவள் மறுநாள் கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

கார்த்திகையில் தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகள் வந்தார்கள். கையில் சின்ன ஆன்டெனாவோடு தெருவில் நடந்து, படியிறங்கி, நேராகக் கல்லாவுக்கு மேலே பார்த்தார்கள். தலைமை அதிகாரியின் பெயர் ஷரஃபுதீன்.

"இதுக்கு அனுமதி இருக்கா சார்?"

நல்லசிவம் பச்சை விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு கால் கட் ஆகுது, டவர்ல ஒரே இரைச்சல்னு புகார். அலைவரிசைல இஷ்டத்துக்கு இப்படிப் பெட்டி வெக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்குப் போன் போகலைன்னா யார் பொறுப்பு?"

பெட்டியைக் கழற்றினார்கள். பச்சை விளக்கு அணைந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் கிளம்பும்போதுதான் நல்லசிவம் கேட்டார்.

"சார், இதால காது மெஷின்ல இரைச்சல் வருமா?"

"பக்கத்துல உக்காந்தா வரலாம். மட்டமான பெட்டி இது. யாருக்கு?"

நல்லசிவம் காலி நாற்காலியைப் பார்த்தார்.

அன்று கடையை மதியமே பூட்டிவிட்டார். நேராகப் பட்டினப்பாக்கம் போய், மீன் கடைகளுக்கு நடுவே எஸ்தரைக் கண்டுபிடித்து நடந்ததைச் சொன்னார். வெட்டிய மீனைக் கழுவியபடியே அவள் கேட்டுக்கொண்டாள்.

"மெசினு கயட்டி வெச்சிகினு இருந்தாங்களா? எனக்கு இன்னா தெரியும் அண்ணாச்சி. நான் ஒண்ணியும் மனசுல வெச்சிக்கல. அக்காவ வரச் சொல்லு."

அதையும் பெட்டி விஷயத்தையும் வீட்டுக்கு வந்து சொன்னபோது சுந்தரவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள். காதில் மெஷின் இருந்தது.

"பெட்டிதான் காரணம் வல்லி. கழத்தியாச்சு."

"எனக்குத் தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீங்க கேமரான்னு சொன்னப்பவே."

"பெறவு ஏன் நீ சொல்லல?"

"எங்கிட்ட யாரு கேட்டா?" என்றாள். கோபம் இல்லை. "எஸ்தர் முன்னால எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய் நிப்பேன். கடைய நீங்களே பாத்துக்கிடுங்க."

மெஷினை ஒரு முறை சோதித்துவிட்டால் அவளுக்குத் தைரியம் வந்துவிடும் என்று நல்லசிவத்துக்கு ஒரு நம்பிக்கை. மறுபடியும் அடையாறுக்குக் கூட்டிப்போனார். வழி முழுக்க ஒன்றையே தனக்குள் சொல்லிக்கொண்டார்: இந்தத் தடவை வாயைத் திறக்கக் கூடாது.

அஃப்ரா மெஷினைப் பொருத்தி, மெல்லிய குரலில் சில வார்த்தைகள் சொன்னாள். சுந்தரவல்லி எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிச் சொன்னாள்.

"சூப்பர்மா. இப்ப வண்டுச் சத்தம் எதுவும் இருக்கா?"

நல்லசிவம் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அஃப்ரா காத்திருந்தாள்.

"அம்மா, கேக்குதா? கடைக்குப் போறீங்கல்ல? அங்க எப்படி இருக்கு?"

சுந்தரவல்லிக்குக் கேள்வி தெளிவாகக் கேட்டிருந்தது. அவள் சிரித்தாள். கடையில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு கணவர் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவங்க சொல்லுவாங்கம்மா" என்றாள்.