ஓட்டையை அடைக்கும் உரிமை

இந்தக் காலத்து மனிதர்களுக்கு ஓட்டை கண்ணில் பட்டால் அடைக்கத் தோன்றுவதில்லை. அடைக்கிற வழி என்னுடையது என்று பட்டா போடத்தான் தோன்றுகிறது. கூரை ஒழுகினால் கீழே பாத்திரம் வைப்பதற்கு முன்னால் வக்கீலைக் கூப்பிடுகிற உலகம். மருமகன் வாங்கி வந்த கேக்கைத் தொடாமல், குச்சிக்காரர் இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

குச்சிக்காரர் என்பது டிப்போவில் வைத்த பெயர். பஸ் ஓட்டிய காலமெல்லாம் அவர் டீசல் அளவு காட்டும் முள்ளை நம்பியதில்லை. தொட்டிக்குள் குச்சியை விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். படித்தவர்கள் சொல்வதை நம்ப வேண்டும் என்ற கடமை தனக்கு இல்லை என்பது அவர் கட்சி.

மருமகன் படித்தவன். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டிகள் செய்யும் கம்பெனியில் நல்ல வேலை. அன்று கேக்கோடு உள்ளே நுழைந்தபோது அவன் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது.

"மாமா, ஒரே கட்டடத்துல நூறு மெஷின் இருக்குன்னு வைங்க. ஒண்ணு இன்னொண்ணுகிட்ட பேசணும்னா, 'இன்னார் யாரு'ன்னு பொதுவா சத்தம் போட்டுக் கேக்கும். 'நான்தான்'னு எது சொல்லுதோ, அதை நம்பிடும்."

"பொய் சொன்னா?"

"அதுதான் ஓட்டை. பழைய காலத்து ஏற்பாடு. உலகம் பூரா, எல்லாக் கம்பெனிப் பெட்டியிலயும் இதே கதைதான். ஏதோ காவல் போட்டு வச்சிருக்காங்க. அதையும் ஏமாத்த முடியும்னு நான் பார்த்தேன். அடைக்கிற வழியையும் நானே கண்டுபிடிச்சேன்."

"நல்லது மாப்பிள்ளை. எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?"

மருமகன் கேக்கை வெட்டுவதில் மும்முரமானான். மகள்தான் பதில் சொன்னாள். "அப்பா, அவர் பேர்ல பேட்டன்ட்டுக்குப் போட்டிருக்காங்க. ஒரு வார்த்தை பாராட்டினா வாய் வலிக்குமா?"

"அது என்ன பேட்டன்ட்டு?"

"காப்புரிமை மாமா. கிடைச்சுட்டா, இந்த வழியில அடைக்கிற உரிமை எங்களுக்கு மட்டும்தான். மத்த கம்பெனிக்காரங்க அப்படி அடைக்கணும்னா எங்களோட ஒப்பந்தம் போடணும். பேச்சு முடியற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு வக்கீல் உத்தரவு."

"அதுவரைக்கும் மத்தவன் வீட்டுக் கதவு?"

"திறந்துதான் கிடக்கும். ஆனா திறந்து கிடக்குன்னு யாருக்கும் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியுமே!"

மருமகன் சிரித்தான். எங்கள் பெட்டிகளில் போன மாதமே அடைத்தாகிவிட்டது, வாடிக்கையாளர் எல்லோருக்கும் புது மென்பொருள் அனுப்பிவிட்டோம் என்றான். குச்சிக்காரர் சிரிக்கவில்லை. அவருடைய மனைவி இதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கிற பெட்டி யாருது?"

கேக் வெட்டிய கத்தி தட்டிலேயே நின்றது.

"அது... வேற கம்பெனிது மாமா."

மறுநாள் மதியம் அவர் மகளோடு மனைவியின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் தலைமாட்டில் ஒரு சின்னத் திரை, அதில் இதயத்தின் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. நோயாளி தூங்க வேண்டும் என்று படுக்கையருகே மணியை அணைத்துவிடுவது அங்கே வழக்கம். ஏதாவது என்றால் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸ் மேஜையில் இருக்கும் பெரிய திரையில் மணி அடிக்கும். எட்டுப் படுக்கைகளின் கோடுகளும் அங்கேதான் போய்ச் சேரும்.

"ஏங்க, அந்தக் கோட்டை ஏன் முறைக்கிறீங்க? உங்களுக்குப் பயந்து அது நின்னுடப் போகுது," என்றாள் மனைவி. பிறகு மகளைப் பார்த்து, "நான் செத்தாலும் உங்கப்பா நம்ப மாட்டார்டி. மூக்குல குச்சி விட்டுப் பார்ப்பார்."

"டாக்டரையும் நம்பாம மூணு மாசம் இழுத்தடிச்சாரே," என்றாள் மகள். "அதுக்குள்ள உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

குச்சிக்காரர் மனைவியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

மனைவி கண்ணயர்ந்தாள். மகள் மருந்து வாங்கக் கீழே போனாள். அப்போது வாசலில் மருமகன் வந்து நின்றான். முந்தைய நாள் எரிந்த விளக்கெல்லாம் அணைந்திருந்தது. கையால் ஜாடை காட்டி மாமனாரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டான்.

"ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு மாமா. யாரோ எங்க புது மென்பொருளையும் பழசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்திருக்காங்க. எந்த இடத்தை மாத்தியிருக்கோம்னு பார்த்தாலே, ஓட்டை எங்கன்னு தெரிஞ்சு போகும். காலையில ரெண்டு கம்பெனியில உள்ள புகுந்துட்டாங்க."

"அப்ப நீங்க அடைச்சதே ஊருக்கு வழி காட்டின மாதிரி ஆச்சு."

"நாங்க அதை யோசிக்கல. ஒப்பந்தப் பேச்சு முடியறதுக்கு முன்னாடி வெளிய பேசக்கூடாதுன்னு மட்டும்தான் யோசிச்சோம்."

"இந்த ஆஸ்பத்திரிப் பெட்டி செஞ்சவனுக்குப் போன் போடுங்க."

"வக்கீல்கிட்ட அனுமதி கேட்டிருக்கேன். கேக்காம சொன்னா வேலை போயிடும் மாமா."

குச்சிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பி நர்ஸ் மேஜைக்குப் போனார்.

"நாலாம் நம்பர் எப்படியிருக்கு தாயி?"

"பாருங்கய்யா, அம்மா ஜம்முனு இருக்காங்க." நர்ஸ் பெரிய திரையைக் காட்டினாள். நான்காவது கோடு பச்சையாக, அலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மேடும் முந்தின மேடு மாதிரியே இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அவர் பார்வையைத் திருப்பிக் கண்ணாடிக்குள் பார்த்தார். மனைவியின் தலைமாட்டில் இருந்த சின்னத் திரை சிவப்பாக மின்னி மின்னி அணைந்தது. சத்தமே இல்லாமல். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

"தாயி! அங்க பாரு!"

நர்ஸ் பெரிய திரையைத்தான் பார்த்தாள். "இங்க நல்லாத்தானே..."

"அந்தப் பொட்டியை விடு! என் பொஞ்சாதியைப் பாரு!"

அவர் போட்ட சத்தத்தில் தாழ்வாரம் அதிர்ந்தது. நர்ஸ் உள்ளே பார்த்தாள், பார்த்ததும் ஓடினாள். டாக்டர்கள் ஓடினார்கள். திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். மேஜையில் நான்காவது கோடு அப்போதும் பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. படுக்கைக்கும் பெரிய திரைக்கும் நடுவில் யாரோ புகுந்து உட்கார்ந்து 'நான்தான் நாலாம் நம்பர்' என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மருமகன் அதைப் பார்த்தபடி நின்றான். குச்சிக்காரர் அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவன் கையிலேயே திணித்தார். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"போடுடா."

அவன் போட்டான். எதிர்முனையில் கேட்டவர்களுக்கு ஓட்டை எங்கே, எப்படி அடைப்பது என்று ஒன்று விடாமல் சொன்னான்.

மனைவி பிழைத்தாள். அரை நிமிடம் பிந்தியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நடுவில் உட்கார்ந்தவன் யார், எதற்காக வந்தான் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு படுக்கையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறான் என்று மட்டும் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாகிவிட்டது. மருமகனின் வேலையும் போகவில்லை. விஷயம் வெளியே வந்தால் கெட்ட பெயர் என்று பயந்த கம்பெனி, அவனைத் தட்டிக்கொடுத்து, அடைக்கிற வழி ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் தற்போதைக்கு இலவசம் என்று அறிவித்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கு மட்டுமா?" என்றார் குச்சிக்காரர். "குடிதண்ணி பம்பு ஓட்டுற இடம்? ரயிலுக்கு சிக்னல் போடுற இடம்?"

"அவங்களோட பேச்சு நடக்குது மாமா."

"பேச்சு நடக்கட்டும். திருடன் காத்திருப்பான்."

நர்ஸ் மேஜைக்குக் கீழே புதுப் பெட்டியைப் பொருத்திவிட்டு எழுந்தான் மெக்கானிக். பெட்டியின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. "இனிமே கவலையே வேண்டாம் பெரியவரே. பச்சை எரிஞ்சா எல்லாம் பத்திரம்."

"அன்னைக்கும் பச்சைதான் ஓடுச்சு."

"இது வேற பச்சை," என்று சிரித்தான் மெக்கானிக்.

"பத்திரம்னு யாரு சொல்றது? பெட்டியா?"

"ஆமா, அதுவே தன்னைச் சோதிச்சுக்கும்."

குச்சிக்காரர் குனிந்து அந்த விளக்கைப் பார்த்தார். அது இமைக்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தது. மருமகன் ஏதோ விளக்க வாயெடுத்தான். அவர் கையை ஆட்டி அவனை நிறுத்திவிட்டு நடந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போதே ஆள்காட்டி விரலை நீட்டி வைத்துக்கொண்டார், மனைவியின் மூக்கருகே பிடித்துப் பார்க்க.