ஏழாம் அறையிலிருந்து வந்த செய்தி

முதியோர் இல்லத்தின் ஆக்சிஜன் கருவிகளில் ஏதாவது ஒன்று நின்றுபோனால், கருவி நிறுவனத்தின் சர்வர் உடனே ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பும். இதற்கு வெப்ஹுக் என்று பெயர். நாம் நொடிக்கொரு தரம் போய் 'ஏதாவது ஆச்சா?' என்று கேட்க வேண்டியதில்லை. ஆனதும் அதுவே வந்து சொல்லிவிடும். செய்தி வந்தால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். மணிக்கான புரோகிராமை வீட்டிலிருந்து எழுதிக் கொடுத்தவள் அவள். மேசையில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அவளுடைய அண்ணி.

அன்று காலை, புதிதாக எழுதியதைச் சோதிக்க, செய்தி அவளுடைய லேப்டாப்புக்கே வர வேண்டியிருந்தது. வீட்டு லேப்டாப்புக்கு வெளியிலிருந்து நேராக வந்துசேர வழியில்லை. அதனால் டன்னல், அதாவது சுரங்கம் போல ஒரு வழி, போட்டாள். வெளியே ஒரு தற்காலிக முகவரி கிடைக்கும். அங்கே வருவதெல்லாம் அவள் மடிக்கு வந்து விழும். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பழைய முகவரியை எடுத்துவிட்டு இதைப் போட்டாள். இல்லம் முழுவதற்கும் அங்கே முகவரி எழுத ஒரே கட்டம்தான்; எந்த அறைச் செய்தியும் அதற்குத்தான் போகும். பத்து நிமிஷம்தானே என்று விட்டுவிட்டாள்.

"என்ன நாத்தனாரே, சுரங்கம் தோண்டியாச்சா?" அண்ணி போனில் கேட்டாள்.

"ஆச்சு. காலிக் கட்டில் மெஷினை நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன். புதையல் ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துடுச்சு அண்ணி."

"அப்ப என்னை விடு. தலைக்கு மேல வேலை கெடக்கு."

வந்த சந்தோஷத்தில் முகவரியைத் திரும்ப மாற்ற மறந்தாள். லேப்டாப்பை மூடிவிட்டுத் துணி வாளியோடு மாடிக்குப் போனாள். மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், டன்னலும் அறுந்துவிடும்.

இறங்கி வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏழாம் ரூம் டிரைவர் தாத்தா போயிட்டாரு," என்றாள் அண்ணி. "மெஷின் எப்ப நின்னுச்சுன்னே தெரியல. பெல் அடிச்சும் நான் கவனிக்கலைன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. அடிச்சிருக்குமோ? என் காது மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஏழாம் அறைக்கு நேராக நான்கு வரிகள், ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிய நேரங்கள். பதினொன்று இருபது, இருபத்தொன்று, இருபத்தைந்து, நாற்பது. நான்கிலும் 'பதில் இல்லை'. கீழே அந்தக் கட்டம். பழைய முகவரியைப் போட்டுவிட்டால் மணி மறுபடி ஒழுங்காக அடிக்கும். யாரும் தோண்டிப் பார்க்கப்போவதில்லை.

"அண்ணி, எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. பெல் அடிக்கல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அங்க வர வேண்டியதை என் மூடின லேப்டாப்புக்கு அனுப்பியிருக்கு. நாலு தடவை."



"நீ எங்க இருந்தே?"

"மாடியில. துணி காயப்போட்டுட்டு இருந்தேன்."