முப்பத்தேழாம் நம்பர் காலணி

லெஷெக் வாசற்படிக்கு அந்தப்புறம் நின்றபடியே கையை நீட்டினான். அப்போதே போகுமிலுக்கு உறைத்துவிட்டது, ஏதோ சரியில்லை. படிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாக நின்று கைகுலுக்கினால் நட்பு முறிந்துவிடும் என்று போலந்தின் ஜெலோனா கூரா ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். வந்தவனை உள்ளே இழுத்துவிட்டுத்தான் கை கொடுப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக மேடையில் பெண் வேடம் கட்டும் தனக்குப் புருஷனாக நடிக்கிறவன் அதை மறப்பானா?

"விக்கை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்டா."

"நாளைக்கு நானே கொண்டாரேன். தலைவலி."

"ஒரு காப்பி கூடக் கிடையாதா?"

"பால் இல்ல."

"நான் என்னைக்குடா பால் ஊத்திக் குடிச்சேன்?"

லெஷெக் கதவை ஒருக்களித்தான். அந்த இடுக்குக்குள் போகுமில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டான். கோட்டு மாட்டும் ஆணிக்குக் கீழே ஒரு ஜோடி பெண்கள் காலணி. ஒன்று சாய்ந்து கிடந்தது, குதியடியில் கொஞ்சம் சிவப்பு. முப்பத்தேழாம் நம்பருக்கு மேல் இருக்காது. விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் வீட்டுச் செருப்பைக் காணோம். ஆக, உள்ளே ஒருத்தி இருக்கிறாள்.

வேறு எவனாவது இருந்தால், மனைவியைப் பிரிந்து தனியாகக் கிடக்கும் நண்பனுக்கு நல்ல காலம் பிறந்தது என்று கண்ணடித்துவிட்டுப் போயிருப்பான். 'நடிகை!' என்றுதான் போகுமிலின் மனம் அலறியது. லெஷெக்கின் மேடை மனைவி ஸ்டெஃபாவாகப் பாவாடை கட்டி, நாற்பத்து நான்காம் நம்பரில் சொல்லிச் செய்த சிவப்புக் குதிகால் காலணி மாட்டி ஊர் ஊராகச் சிரிக்க வைத்தவன் அவன். அவர்கள் நாடகத்தை ஒளிபரப்பும் தொலைக்காட்சிக்குப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி, அந்த வேடத்துக்கு நிஜப் பெண்ணைத் தேடுவதாக ஒரு மாதமாகப் பேச்சு அடிபட்டது. 'சும்மா புரளி' என்று சத்தியம் செய்தவன் இதே லெஷெக்தான்.

பாதி மாடி இறங்கியவனை மேலிருந்து வந்த சிரிப்பு நிறுத்தியது. லெஷெக்கின் சிரிப்பு. தன்னைப் பார்த்து அவன் இப்படி வயிறு குலுங்கச் சிரித்து எத்தனை வருடமாகிறது! போகுமில் படியில் உட்கார்ந்து பொருமினான். எவளாம் அவள்? அந்தச் சின்னக் காலணியை வைத்துக்கொண்டு ஸ்டெஃபாவின் நடை நடந்துவிடுவாளா? அந்தக் காலணி...

குதியடியில் சிவப்பு.

போன குளிர்காலத்தில் மனைவி வியோலெட்டாவின் காலணிக்குக் குதி தேய்ந்தபோது, தன் பழைய மேடைக் காலணியிலிருந்து ரப்பரை வெட்டி அவனே ஒட்டிக் கொடுத்தான். வியோலெட்டா இன்றைக்குப் பல் டாக்டரிடம் போவதாக அல்லவா சொன்னாள்?

எப்படி மேலே ஏறினான், எத்தனை முறை கதவை இடித்தான் என்று அவனுக்கே தெரியாது. திறந்த லெஷெக்கைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தான். விருந்தாளிச் செருப்போடு நின்றிருந்தாள் வியோலெட்டா.

"பல் டாக்டர் இங்கயா கடை போட்டிருக்காரு?"

"கத்தாத. கீழ்வீட்டுல கேக்கும்."

"எத்தன நாளாடி?"

"மூணு வாரமா," என்றான் லெஷெக். "செவ்வாய், வியாழன்."

கிழமை வேறு சொல்கிறானே என்று கையை ஓங்கியபோதுதான் மேசைமேல் கிடந்த தாள்கள் கண்ணில் பட்டன. ஸ்டெஃபாவின் வசனம். வரிக்கு வரி பச்சை மையில் கோடு. வேலை பார்க்கும் தபாலாபீசிலிருந்து வியோலெட்டா கொண்டுவரும் அதே பச்சைப் பேனா.

லெஷெக் தலையைத் தொங்கப் போட்டான். "டிவிக்காரங்க பாவாடை கட்டின ஆம்பள வேணாம்னுட்டாங்க. உங்கிட்ட சொல்ல வாய் வரலடா. பதினோரு நடிகைங்களைப் பாத்தேன், ஒருத்திக்கும் வரல. ஒருநாள் உனக்குப் போன் போட்டா வியோலா எடுத்தா. விஷயத்தைச் சொல்லாம நான் ஏதோ சமாளிச்சேன். 'ம்ம்... அப்புறம்?'னா, அப்படியே ஸ்டெஃபா. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு."

போகுமில் நாற்காலியில் உட்கார்ந்தான். கள்ளக்காதலாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"என்னைப் பாத்துக் காப்பியடிக்கிறியா?"

"உன்னைப் பாத்தா?" என்றாள் வியோலெட்டா.

அடுப்பருகே கிடந்த துண்டை எடுத்தாள். நாலாக மடித்தாள். தோளில் போட்டுக்கொண்டு, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ம்ம்... அப்புறம்?"

விக் இல்லை, பஞ்சு மார்பு இல்லை, உதட்டுச் சாயம் இல்லை. இருந்தும் ஸ்டெஃபாதான்; அவளை அவன் எடுத்ததே இவளிடமிருந்துதான். போகுமில் பல்லைக் கடித்துப் பார்த்தான், கன்னத்தை உள்ளுக்கு இழுத்துப் பார்த்தான். முடியவில்லை. சிரித்துவிட்டான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். துடைத்தாலும் அந்த நீர் நிற்கவில்லை.

பிறகு எழுந்து வெளியே போனான். விக் ஞாபகமே வரவில்லை. வாசற்படியைத் தாண்டியதும் திரும்பி நின்று, அங்கிருந்தபடியே லெஷெக்கிடம் கையை நீட்டினான்.

லெஷெக் அந்தக் கையைத் தொடப் பயந்து நின்றான்.