ஆரின் ப்ளெட்சோவின் இரண்டாவது சவரம்

ஆரின் ப்ளெட்சோவை உங்களுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது. நீதிபதி, குடிகாரன், பாதிரியார், வங்கிக் கொள்ளையன், ஊமை மாட்டுக்காரன் என்று இருநூறு படங்களில் வந்துபோனவன். அவனுடைய ஏஜென்ட் நான், டெல்மா. ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் பர்பேங்க் கடைத்தெருவில் அவனோடு நடந்தால் யாராவது உற்றுப் பார்த்து, "நீங்க எங்க பல் டாக்டர்தானே?" என்பார்கள். "ஆமா, ஒழுங்கா பல்லு வெளக்குறியா?" என்று முகம் மாறாமல் கேட்பான் படுபாவி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் ஒரு படத்துக்கு ஆள் தேடினார்கள். கதாநாயகன் அயோவாவில் சின்ன ஊர் ஒன்றில் சலூன் வைத்திருப்பவன். ஆரினின் அப்பாவும் அயோவாவில் சலூன் வைத்திருந்தவர்தான். அவரைப் புதைத்த அன்றைக்கு இவன் அரிசோனா வெயிலில் ஒரு கௌபாய் படத்துக்காகப் பிணமாகப் படுத்திருந்தான். எழுந்து போனால் ஷூட்டிங் நின்றுவிடுமே என்று போகவில்லை. பத்தொன்பது வருஷமாக அது அவன் மனசை அரித்துக்கொண்டிருந்தது.

"டெல்மா, இந்த ஒண்ணை மட்டும் எனக்கு வாங்கிக் குடு. அப்பா நின்ன எடத்துல ஒரு தடவை நான் நிக்கணும்."

என்னிடம் அவன் வாய் திறந்து கேட்ட முதல் வேஷம் அது. விடுவேனா? தொண்டை கிழியக் கத்தி டைரக்டரிடம் நேரம் வாங்கினேன். டைரக்டர் டிலார்டுக்கு வயது இருபத்தொன்பது. ஆரின் ஒட்டுமீசை, பொய்த்தொப்பை ஒன்றும் இல்லாமல் சொந்த முகத்தோடு போய் வசனம் படித்தான். மறுநாள் போன் வந்தது.

"மன்னிச்சுக்குங்க மேடம். பெரிய நடிகர்தான். ஆனா சலூன்காரர்னு நம்ப முடியலை."

"யோவ், அவன் சலூன்லயே வளந்தவன்யா!"

"இருக்கலாம். பார்த்தா தெரியலையே."

நான் வைத்த வேகத்தில் போன் உடைந்தே போய்விட்டது.

வேஷம் கிப் டான்வர்ஸ் என்ற நட்சத்திரத்துக்குப் போனது. முகம் என்னவோ ராஜா மாதிரிதான். சவரக்கத்தியைப் பிடித்தால் வெள்ளரிக்காய் நறுக்குகிறவன் மாதிரி இருந்தது. அந்த டிலார்டே மறுபடி கூப்பிட்டான். கிப்புக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க ஆரின் வருவாரா என்று கேட்டான். எவ்வளவு திமிர் பாருங்கள்!

"போகாதே. மானம் ரோஷம் இல்லையா உனக்கு?" என்றேன்.

"நடிகனுக்கு ஏது?" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டான்.

பத்து நாள் கற்றுக்கொடுத்தான். கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடிப்பது, தொண்டைக்கு வரும்போது மூச்சை அடக்குவது, வாடிக்கையாளரிடம் அப்பா பேசும் பேச்சு, எல்லாம். சும்மா சொல்லக்கூடாது, கிப் நல்ல பிள்ளை, கவனமாகக் கற்றுக்கொண்டான்.

ஷூட்டிங் அன்று நானும் போயிருந்தேன். நாற்காலியில் உட்கார வேண்டிய துணை நடிகன் நிஜக் கத்தியைப் பார்த்ததும் ஓடியே போய்விட்டான்.

"நான் உக்காரட்டுமா? பின்மண்டைதானே தெரியப் போகுது?" என்றான் ஆரின்.

போர்வை போர்த்தி, நுரை பூசி, கிப் அவன் தாடையை நிமிர்த்தினான். "என்ன அவசரம், எங்க போகப்போறே?" என்றான். ஆரின் சொல்லிக்கொடுத்த அப்பாவின் அதே பேச்சு, அதே இழுவை, அதே மெதுவான குரல். நான் நின்ற இடத்திலிருந்து ஆரினின் முகம் தெரிந்தது. நுரையைக் கரைத்துக்கொண்டு கண்ணீர் இறங்கியது. எனக்கும் தாங்கவில்லை.

"கட்! பிரமாதம்! அடுத்த ஷாட்டுக்குப் போலாம்!"

ஆரின் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, இன்னொரு தடவை."

"எதுக்கு சார்? நல்லாத்தானே வந்திருக்கு?" என்றான் கிப்.

"படத்துக்கு வந்திருச்சு. எனக்கு வேணும்."

டிலார்ட் என்னைப் பார்த்தான். வாயை மூடத் தெரியாத நான் அன்றைக்கு மூடிக்கொண்டு நின்றேன். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். கேமராவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மழிக்க அந்த முகத்தில் ஒரு முடி பாக்கியில்லை. கிப் பிரஷ்ஷை நனைத்து, மறுபடி முகம் முழுக்க நுரை பூசி, தாடையை நிமிர்த்தினான்.

"என்ன அவசரம், எங்க போகப்போறே?"

ஆரின் கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்கயும் போகலை அப்பா. இங்கதான் இருக்கேன்."