தெற்குச் சுவரின் சூடு

மீட்டர்காரன் வீட்டின் தெற்குச் சுவர் ஒரு கோடைகால ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குச் சுடத் தொடங்கியது. பதினோரு வருஷமாகியும் ஆறவில்லை. கை வைத்தால் பொறுக்கக்கூடிய சூடுதான், காய்ச்சல்காரரின் நெற்றியைப் போல. முதலில் கண்டுபிடித்தவை தெருப் பூனைகள். சுவரோரமாக வரிசையாகப் படுத்துக்கொண்டன. சுவர் ஏன் சுடுகிறது என்பது வீட்டுக்காரனுக்கு அன்றே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

அவன் மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் எண்ணைக் குறித்து வருகிற வேலையில் இருந்தான். கூட இருந்தது அக்கா மட்டும். பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைப்பவள், அவனைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டித் தலைசீவிப் படிக்க வைத்தவள் அவள்தான். தனக்கென்று அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, அந்தக் குளிர் ஊரில் ஆப்ரிகாட் பழுக்க வைப்பது. முடியாது என்று நாற்று விற்றவரே சொன்னார். குளிர் அந்த மரத்துக்கு விரோதி இல்லை, அவசரம்தான் விரோதி. ஊரே போர்வைக்குள் இருக்கும்போது, தேனீக்கள் விழிக்கும் முன்பே, அது பூத்துவிடும்; அடுத்து விழும் உறைபனி பூவை முடித்துவிடும். அக்கா விடவில்லை. வெயில் படுகிற தெற்குச் சுவரில் கம்பிகள் அடித்து, கிளைகளை விசிறி போல விரித்துக் கட்டினாள். தேனீ இல்லாத குறைக்கு மதிய வேளையில் மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் வைத்தாள். ஆறு வருஷம் மரம் ஒரு காய்கூடத் தரவில்லை. ஏழாவது வருஷம் கிளை தெரியாமல் பூத்தது. அந்த வாரம் பார்த்து அவள் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதுகூட அவள் சொன்னது இதுதான்: "பொழுது சாயறப்போ பழைய போர்வையெல்லாம் எடுத்து மரத்துல போத்திடு. காலைல எடுத்துடு. பத்து நாள்தான்டா, மறந்துடாதே."

மூன்று நாள் போர்த்தினான். நாலாவது நாள் தொலைக்காட்சியில் பந்தாட்டம். ஆட்டம் இழுத்துக்கொண்டே போனதில் சோபாவிலேயே தூங்கிப்போனான். காலையில் போய்ப் பார்த்தால், இதழ்கள் அப்படியே வெள்ளையும் ரோஜா நிறமுமாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு பூவின் நடுவிலும் பேனாவால் புள்ளி வைத்தது போலக் கறுப்பு. எல்லாம் செத்திருந்தன. அன்று ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டபோது, "பூவெல்லாம் நல்லா இருக்குக்கா" என்றான். இதழைப் பொறுத்தவரை அது உண்மைதானே என்று பேருந்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

எலும்பு சேர நாளாயிற்று. நடைப் பயிற்சிக்கென்று வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஞாயிறுதோறும் அவன் போவான், அவள் காயின் அளவைக் கேட்பாள். மிளகு அளவு என்றான், பிறகு பட்டாணி, பிறகு கோலிக்குண்டு. அவன் வாயிலேயே அந்தக் காய்கள் பெருத்து மஞ்சள் பூத்தன. எத்தனை நிற்கிறது என்று கேட்டாள், ஆறு என்றான். ஏன் ஆறு என்று சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. கோடையின் நடுவில் பழுத்துவிட்டதாகவும் சொல்ல வேண்டி வந்தது. தெரிந்தவர் கண்ணில் படாத தொலைவில் இருந்த கடையில் ஆறு ஆப்ரிகாட் வாங்கி, காகிதப் பையில் போட்டுக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தான். அவள் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். "ஏழு வருஷம்டா" என்றாள். இரண்டைத் தான் வைத்துக்கொண்டு, பக்கத்துப் படுக்கைக்காரிக்கும், நர்சுகள் இருவருக்கும், தரை துடைப்பவருக்கும் கொடுத்து, எங்கள் வீட்டு மரம், தம்பிதான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான் என்றாள். அவனைப் போல ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார் தரை துடைப்பவர். அவன் காது மடல்கள் எரிய எரிய வீடு திரும்பி, மரத்தின் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். அப்போது மணி ஐந்தரை.

அக்கா கைத்தடியோடு வந்து சேர்ந்தபோது பனி விழத் தொடங்கியிருந்தது. தெரு முழுக்க முழங்கால் அளவு பனி, அந்தச் சுவரிலிருந்து மூன்றடி மட்டும் ஈர மண். அக்கம்பக்கத்தார் காலுறைகளைக் கொண்டுவந்து சுவரில் காயப்போட்டார்கள். சளி பிடித்தவர்கள் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டுப் போனார்கள். வசந்தத்தில் மரம் பூத்தது. உறைபனி வந்தது, போனது. போர்வைக்கு வேலையே இல்லை. நாற்பத்தொரு பழம். முதல் பழத்தைக் கடித்து அக்கா நிதானமாக மென்றாள்.

"போன வருஷத்துதுதான் ருசி" என்றாள்.

அன்றைக்குச் சுவரின் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது.

மூன்று வருஷம் இப்படிப் போன பிறகு, மின்சார அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவனே திருட்டு மின்சாரத்தில் சுவரைக் காய்ச்சிப் பழம் வளர்க்கிறான் என்று. மேற்பார்வை அதிகாரியான அம்மாள் இரண்டு பேரோடு வந்து மீட்டரைப் பார்த்தார். அது மற்ற வீடுகளைவிட மெதுவாகத்தான் ஓடியது. சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளே கம்பியும் இல்லை, குழாயும் இல்லை. செங்கல் மட்டும் சுட்டது.

"இதுக்கு நீங்க காரணம் சொல்லியே ஆகணும். இல்லேன்னா வேலை போயிடும்" என்றார் அதிகாரி.

அக்கா சமையலறை வாசலில் தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். அவளை உள்ளே போகச் சொல்லலாமா என்று அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு மரத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான், பந்தாட்டத்திலிருந்து காகிதப் பை வரை. அவன் சொல்லச் சொல்லச் சுவரில் அதிகாரி வைத்திருந்த வெப்பமானி நாலு டிகிரி ஏறியது. அதிகாரி இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார், மறுபடி நாலு. படிவத்தில் 'வெப்பத்தின் மூலம்' என்ற இடத்தில் 'வெட்கம்' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அலுவலகத்தில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அக்கா இருபத்தாறு நாள் அவனோடு பேசவில்லை. வேளைக்குச் சாப்பாடு வைத்தாள், சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள், பேச்சு மட்டும் இல்லை. சொல்லிவிட்டதால் சுவர் ஆறிவிடும், மரம் போய்விடும் என்று அவன் பயந்தான்; தினமும் காலையில் தொட்டுப் பார்த்தான். ஆறவில்லை. இருபத்தேழாம் நாள் அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டா. பூ கருகின மறுவாரமே பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் சம்சாரம் என்னைப் பாக்க வந்து சொல்லிட்டா."

அவன் வாசற்படியிலேயே நின்றான்.

"தெரிஞ்சுகிட்டேதான் வாராவாரம் காய் எவ்வளவு பெருசுன்னு கேட்டேன். நீ முழிக்கறதப் பாக்க எனக்கு நல்லா இருந்துச்சு. உன்னை வளத்து ஆளாக்கினதுல என் வயசெல்லாம் போச்சே, கொஞ்சம் தவிக்கட்டும்னு இருந்துச்சு. அந்தப் பழத்தை ஊருக்கெல்லாம் குடுத்ததும் வேணும்னேதான். போன வருஷத்துதுதான் ருசின்னதும் அப்படித்தான்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அறை புழுங்கத் தொடங்கியது. ஜன்னலைத் திறக்க எழுந்தவன், அவள் மெஷின் போட்டிருந்த கிழக்குச் சுவரில் கை பட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டான்.

அடுத்த வசந்தத்தில் கிழக்குச் சுவரிலும் கம்பி அடித்து இன்னொரு நாற்று வைத்தார்கள். நாலாம் வருஷமே காய்த்தது. பழம் வாங்க வருகிறவர்கள் இரண்டு கூடைகளையும் பார்த்து எது நல்லது என்று கேட்பது வழக்கம். தெற்கு அவனுடையது, கிழக்கு என்னுடையது, கிழக்கில் கொஞ்சம் இனிப்பு தூக்கல் என்று அக்கா சொல்வாள். அவர்களும் அதைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்.