காலியாக விட்ட இருக்கை

காலையிலிருந்து விமானி ஃப்ரானேவுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வளைகுடாக் கரையில் இருந்த கும்போர் கடற்படைத் தளத்தின் மரப்பாலத்தில் நடப்பதும், மேற்கே பார்ப்பதும், பற்றவைக்காத சிகரெட்டைக் கடிப்பதுமாக இருந்தான். விடியலில் எதிரியான இத்தாலியின் கரையை வேவு பார்க்கப் போன பறக்கும் படகு, அதாவது நீரில் இறங்கி எழும் விமானம், திரும்பவில்லை. ஓட்டிப் போனவன் போஹுமில், செக் நாட்டுக்காரன். கூடப் போன வேவுக்காரன் கிர்ஸ்தோ, இந்த வளைகுடாவிலேயே பிறந்தவன். போர் தொடங்கியதிலிருந்து மூவருக்கும் ஒரே அறை.

"காத்து அடங்கட்டும்," என்றார் தளபதி.

"அது அடங்கறதுக்குள்ள அவங்க அடங்கிடுவாங்கய்யா."

தளபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டான் ஃப்ரானே.

அவன் எடுத்ததும் இரண்டே பேர் உட்காரும் பறக்கும் படகுதான். துணைக்கு ஆளை ஏற்றாமல் தனியாகக் கிளம்பினான். மேலே போன பிறகுதான் பக்கத்தில் இருந்த காலி இருக்கை உறுத்தத் தொடங்கியது. இரண்டு பேரும் உயிரோடு இருந்தால்?

இரண்டு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். எஞ்சின் நின்றுபோய், ஓர் இறக்கை நீருக்குள் சாய, அவர்களுடைய படகு அலையில் உருண்டுகொண்டிருந்தது. கிர்ஸ்தோவின் தொடையில் குண்டு பாய்ந்திருந்தது. ஃப்ரானே பக்கத்திலேயே நீரில் இறங்கினான்.

"ஊரெல்லாம் வழி கேட்டுக்கிட்டு வந்தியாடா?" என்று கத்தினான் போஹுமில்.

"வாய மூடிக்கிட்டு ரெண்டு பேரும் ஏறுங்க!"

ஏறினார்கள். எடை குறைய, படகில் பொருத்தியிருந்த துப்பாக்கியைக் கழற்றிக் கடலில் எறிந்தான் ஃப்ரானே. எவ்வளவு முட்டி மோதியும் படகு நீரை விட்டு எழவில்லை. முன்பக்கமாகத் தண்ணீர் ஏறியது. சட்டென்று போஹுமில் கடலில் குதித்து, தன் படகுக்கு நீந்திப் போய்ப் பிடித்துக்கொண்டான்.

"டேய், திரும்பி வாடா!"

"அவன டாக்டர்கிட்ட சேத்துட்டு வா. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

"அவன விட்டுட்டுப் போகாத ஃப்ரானே," என்று அழுதான் கிர்ஸ்தோ.

ஃப்ரானே விசையை முழுதாகத் தள்ளினான். இம்முறை படகு எழும்பியது.

கிர்ஸ்தோவைத் தளத்தில் இறக்கிவிட்டு, பெட்ரோல் நிரப்பிக்கொண்டு திரும்பியபோது அங்கே கடல் மட்டுமே இருந்தது. ஒரு பலகைகூட மிதக்கவில்லை. பெட்ரோல் தீரும் தறுவாய் வரை வட்டமிட்டான்.

அதன்பின் எந்த வேலையாகப் பறந்தாலும் அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றாமல் அவனால் திரும்ப முடியவில்லை. புதிதாக வந்த வேவுக்காரன் முணுமுணுத்தான், தளபதி திட்டினார். அவன் காதில் ஏறவில்லை.

ஊன்றுகோலோடு நடக்க முடிந்ததும் கிர்ஸ்தோ தினமும் மரப்பாலத்துக்கு வந்தான். காப்பாற்றியதற்கு அவன் நன்றி சொன்னதில்லை. ஃப்ரானேவும் அதை எதிர்பார்க்கவில்லை.

"இன்னிக்கு எந்தப் பக்கம் பாத்த?"

"கரைய ஒட்டி, வடக்கே."

"அன்னிக்குக் காத்து வடக்கேருந்துதானடா அடிச்சுது. தெற்கே போய்ப் பாரு."

அப்போதுதான் இறங்கி வந்திருந்த ஃப்ரானே, கழற்றிய தோல்தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு படகை நோக்கி நடந்தான்.