தொண்டி விறகு

முன்பெல்லாம் எங்கள் வட்டாரத்துக்கு ஒரே அதிகாரிதான். அவரே ஆளைப் பிடிப்பார், அவரே குற்றம் சாட்டுவார், அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார். இது அநியாயம் என்று மாகாண அரசுக்கு ஒருநாள் தோன்றியது. நிர்வாகம் வேறு, நீதி வேறு, வழக்குத் தொடுப்பது வேறு என்று சட்டம் போட்டார்கள். ஸ்லவோனியா மாகாணம் முழுக்கப் பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்கு ஓயாத வேலை.

எங்கள் ஊருக்கு நீதிபதியாகப் புனேக் வந்தார், அரசு வக்கீலாக ரூபிச் வந்தார். கட்டடம் மட்டும் பழையதுதான். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு அறைக்கும் சூடு கொடுக்கும் கணப்பு அந்தச் சுவருக்குள்தான் இருந்தது. விறகு போடும் வாய் நடைவழியில். நான் அங்கே விறகு பிளக்கும் கூலி.

உறைபனி தொடங்கியதும், விறகு யார் வாங்குவது என்று நீதிபதியைக் கேட்டேன்.

"நீதிமன்றம் யாருக்கும் கடமைப்படக் கூடாது லோவ்ரோ. வக்கீல் வாங்கின விறகுல நான் குளிர்காஞ்சா, நாளைக்கு அவர் பக்கம் சாஞ்சுட்டேன்னு சொல்ல மாட்டாங்களா?"

அரசு வக்கீலும் அதையேதான் சொன்னார், திருப்பிப் போட்டு. நடைவழியோ நிர்வாகத்துடையது, நிர்வாகம் எதிரே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. ஆக, நீதி சுதந்திரமாக நடுங்கியது.

விறகுக்குச் சட்டம் வழி வைத்திருந்த அறை ஒன்றுதான்: பின்கட்டில் தனிக் கணப்போடு இருந்த சிறை. கைதி குளிரில் சாகக் கூடாது. கைதி இல்லையென்றால் விறகும் இல்லை.

கைதி இருந்தான். என் பக்கத்து வீட்டு இம்ப்ரோ. புயலில் விழுந்த ஓக் மரத்தைப் பிரபுவின் காட்டிலிருந்து அறுத்து வண்டியில் ஏற்றி வந்துவிட்டான். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொட்டில் செய்ய ஒரு துண்டு, மீதி அடுப்புக்கு. அத்தனையும் பறிமுதலாகி, வழக்குக்குச் சாட்சியான தொண்டிப் பொருளாக முற்றத்தில் கிடந்தது.

ஒரு காலையில் நீதிபதி சிறையைப் பார்வையிட வந்தார். பின்னாலேயே அரசு வக்கீல் விசாரிக்க வந்தார். சட்டம் மீறாமல் இருவரும் சந்திக்கக்கூடிய இடம் அதுதான், சூடாகவும் இருந்தது. பிறகு தினமும் பார்வையிட்டார்கள். இம்ப்ரோவின் மனைவி யாகா கொண்டுவந்த பன்றிக்கொழுப்புப் போட்ட பீன்ஸையும் பார்வையிட்டார்கள்.

"ஐயா, என் வழக்கு எப்ப வரும்?" என்றான் இம்ப்ரோ.

"அவர் தொடுக்கணுமேப்பா," என்றார் நீதிபதி.

"அவர் நாள் குறிக்கணுமே," என்றார் அரசு வக்கீல், கையைக் கணப்பில் காட்டியபடி. "பனி விடட்டும்."

"பனி விடறதுக்குள்ள என் புள்ள நடந்தே வந்து என்னப் பாத்துரும்."

நன்றாகப் பேசுகிறான் என்று இருவரும் சிரித்தார்கள்.

யாகா என்னை வாசலில் நிறுத்தினாள். "லோவ்ரோண்ணே, போன தடவ புள்ள தங்கல. அவரு பக்கத்துல இல்லாம இன்னொரு தடவ பிரசவத்துக்கு அந்தக் கட்டில்ல நான் படுக்க மாட்டேன். நாளும் நெருங்கிருச்சு."

கிறிஸ்துமஸுக்கு முன்பே சிறைக்கு ஒதுக்கிய விறகு தீர்ந்தது. நீதிபதி சன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார்.

"தொண்டிப் பொருள் நனையுதே, ரூபிச்."

"உள்ள வச்சுப் பத்திரப்படுத்தறதுதான் முறை."

சுமந்து வந்து கணப்போரம் அடுக்கினேன். எரிக்கும்படி யாரும் சொல்லவில்லை. நீதிபதி சுவரைப் பார்த்து, "கொஞ்சம் குளிருது," என்றார். அரசு வக்கீல் கூரையைப் பார்த்து, ஆமாம் என்றார்.

முதல் கட்டையை உள்ளே தள்ளும்போதுதான் எனக்கு உறைத்தது. இது தீர்ந்தால் சாட்சியமும் தீரும், சூடும் தீரும். அப்புறம் இவனை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்வார்கள்?

அன்றிலிருந்து திணித்துத் தள்ளினேன். கோட்டைக் கழற்றினார்கள், பிறகு பூட்ஸையும் கழற்றினார்கள்.

"இப்பத்தான் லோவ்ரோவுக்கு வேலை தெரியுது," என்றார் நீதிபதி, கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

இம்ப்ரோவுக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. சட்டையில்லாமல் மூலையில் உட்கார்ந்து, "இன்னொண்ணு போடுண்ணே, ஐயாமாருக்குக் கால் விறைக்குது," என்பான்.

கடைசியில் ஒரு துண்டு மிஞ்சியது. கணுவே இல்லாத நேரான துண்டு. தொட்டிலுக்கென்று அவன் பார்த்து வைத்தது. கையில் பிடித்தபடி நின்றேன்.

"போடு," என்றான். "புள்ள மாவு பிசையுற தொட்டியில தூங்கட்டும்."

மறுநாள் சிறைக்குள் தண்ணீர்க் குவளை உறைந்து கிடந்தது. அன்றே வழக்கு வந்தது. தொண்டிப் பொருள் எங்கே என்று கேட்டார் நீதிபதி. கிடைக்கவில்லை, குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறோம் என்றார் அரசு வக்கீல். நீதிமன்றத்துக்கும் அரசு வக்கீலுக்கும் எந்த ஒட்டுறவும் இல்லை என்பதற்கு இந்த வழக்கே சான்று என்று தீர்ப்பில் இருந்தது. இம்ப்ரோ அதைக் கேட்க நிற்கவில்லை. தொப்பிகூட இல்லாமல் பனியில் வீட்டுக்கு ஓடினான். யாகாவுக்கு அப்போதுதான் வலி கண்டிருந்தது. பெண் பிள்ளை. தங்கியது.

கோடரியை எடுத்துக்கொண்டு கிளம்பிய என்னை அரசு வக்கீல் நடைவழியில் மறித்தார். மூக்கு சிவந்திருந்தது.

"லோவ்ரோ, உங்க பக்கம் வேற யாருக்காவது மரம் எடுக்கிற பழக்கம் உண்டா?"

"இல்லீங்க ஐயா. எங்காளுங்க கோழிதான் திருடுவாங்க."

அவர் முகம் வாடிவிட்டது.

"கோழி எரியாதே," என்றார்.